ஏழாம் வரி

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
நூலகத்து ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்து
நானும் மிதுர்ஷாவும்
வெப்பக் கடத்தலில் ஐந்தாம் கணக்கைப் போட்டோம்.

ஏழாம் வரியில் ஒரு கழித்தல் குறி
இருவர் தாளிலும் விழவில்லை.

"யார் யாரைப் பார்த்து எழுதியது?"
பேராசிரியர் இரண்டு தாளையும்
ஒன்றின்மேல் ஒன்றாக
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

சேர்ந்து பேசலாம், தனித்தனியே எழுத வேண்டும்.
விதி தெரியும்.
பேச்சு எங்கே முடிந்து
எழுத்து எங்கே தொடங்கியது என்பதுதான்
தெரியவில்லை.

"நான்தான்" என்றாள் மிதுர்ஷா.

பொய்.
அந்த வரியைச் சொன்னது நான்.
அவள் அப்போது மேசைக்கடியில்
ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்று சொல்ல
எனக்கு இரண்டு நிமிடம் ஆனது.

அந்த இரண்டு நிமிடத்தை
யாரைப் பார்த்து எழுதினேன்?