ஏழாவது பாலம்

குமுளியில் எங்கள் வீட்டுக்கு மதுரைக் கரண்ட்,
எதிர்வீட்டு சிபிச்சனுக்கு இடுக்கிக் கரண்ட்.
நடுவில் பதினாறடி ரோடு.
ஜீப் போனால் ஒரு டயர் அங்கே, ஒரு டயர் இங்கே.

எண்பத்தெட்டில் அவன் அப்பா குவைத்திலிருந்து
கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார்:
ரப்பர் பொத்தான் வைத்த ஒரு கறுப்புப் பலகை,
டேப் ரெக்கார்டர், நாலு கேசட்.
மூன்று கேசட் கடைசிவரை ஏறவே இல்லை.
நாலாவதில் இருந்தான் மூட்டைக்காரன்.

பதினாறு புள்ளி உயரம். முகம் கிடையாது.
பன்னிரண்டு கயிற்றுப் பாலம் தாண்டி
மூட்டையை அக்கரையில் இறக்கவேண்டும்.
பாலத்துக்கு ஒரு காவலாளி.
துரத்தமாட்டான், சுடமாட்டான்.
இடப்பக்கம் ஏழடி, திரும்பி வலப்பக்கம் ஏழடி.
மேலே பட்டால் செத்தோம்.

கேசட் ஏற ஆறு நிமிஷம்.
காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்தமாதிரி
டேப் கத்திக்கொண்டே இருக்கும்.
டிவியின் ஓரங்களில் நீலமும் மஞ்சளும் வரிவரியாய் ஓடும்.
தரை அதிர்ந்தால் கெட்டுவிடும் என்று
தும்மலைக்கூட விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.
ஐந்தாவது நிமிஷத்தில் கேரளம் இருண்டுபோகும்.
ஏழிலிருந்து ஏழரை அவர்கள் முறை,
எட்டுக்கு மேல்தான் எங்கள் முறை.

அதற்குத்தான் அந்த வயர்.
லிஸ்ஸியக்காவின் இஸ்திரிப்பெட்டி வயரை வெட்டி
மூன்று துண்டாய் ஒட்டுப்போட்டு
எங்கள் ஜன்னலிலிருந்து அவர்கள் ஜன்னலுக்கு
ரோட்டோடு இழுத்தோம். மேலே ஏலக்காய்ச் சாக்கு.
ஜீப் ஏறி இறங்கும்போதெல்லாம்
மூட்டைக்காரன் ஒருதரம் நடுங்கி நிற்பான்.

சிபிச்சனுக்கு ஆறாவது பாலத்தோடு சரி.
காவலாளி திரும்பப் பொறுக்காமல் பாய்வான்.
"நீ எங்ஙனெயாடீ கடக்குந்நெ?" என்பான்.
நான் சொன்னதில்லை.

சனிக்கிழமை கூடலூரில் டியூஷன்.
வரும்போது புத்தகத்துக்கு அடியில்
இரண்டு படி ரேஷன் அரிசி.
லோயர் கேம்ப்பில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார்கள்.
காக்கிச்சட்டை ஒருவர் பீடியும் கையுமாக
பஸ்ஸின் மூக்கிலிருந்து வால்வரை நடப்பார், திரும்புவார்.
முதுகு தெரிந்ததும் ஓடக்கூடாது.
முதுகு தெரிந்து, இரண்டு எண்ணி, நடக்கவேண்டும்.
பையை மாற்றித் தோளில் போடக்கூடாது.
கனக்கிறது என்று முகம் சொல்லக்கூடாது.
அந்த அரிசி சிபிச்சன் வீட்டு உலையிலும் வெந்தது.
அவன் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும்
மாசக்கடைசியில் கணக்கு.

போன மாசம் அயர்லாந்திலிருந்து வந்திருந்தான்.
நரைத்த தாடி. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்
போனை என் பக்கம் நகர்த்தினான்.
யாரோ ஒரு வேலையற்ற புண்ணியவான்
பழைய கேசட்டையெல்லாம் உள்ளே இறக்கிவைத்திருக்கிறானாம்.
தொட்டதும் வந்துவிட்டான் மூட்டைக்காரன்.
ஆறு நிமிஷம் எங்கே என்று கேட்டேன்.
"அதுக்கும் ஒரு பட்டன் உண்டு" என்றான்.

அமுக்கினோம். டேப் கத்தியது.
லாட்டரி முடிவு பார்த்துக்கொண்டிருந்த ஆள் திரும்பி முறைத்தார்.
டம்ளரை எடுத்தால் மேசை ஆடும்.
ஐம்பது வயசு தாண்டிய இரண்டு பேர்
டீயில் ஏடு படியப் படியப் பார்த்துக்கொண்டு
அசையாமல் இருந்தோம்.

ஏழாவது பாலம்.
கட்டைவிரலுக்கு நினைவிருந்தது.
முதுகு. ஒண்ணு, ரெண்டு. நட.
எட்டு, ஒன்பது.
பத்தில் ஒருதரம் செத்தேன்.
பன்னிரண்டாவதில் மூட்டையை இறக்கினான்.
பாட்டு இல்லை, பாராட்டு இல்லை.
திரை ஒரு நொடி கறுத்தது.
மறுபடி முதல் பாலம்,
மூட்டை மறுபடி அவன் முதுகில்,
காவலாளிக்கு மட்டும் நடை வேகம் கூடியிருந்தது.

"இத்தனை வருஷம் இதுக்கா?" என்றான்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
"எடீ, அந்த மூட்டையில என்னதான் இருந்தது?"

அரிசி என்றேன்.

நல்ல தமாஷ் என்று மேசையைத் தட்டிச் சிரித்தான்.
டீ தளும்பியது.
நான் நிமிரவில்லை.
அந்தக் கோடியில் காவலாளி
அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தான்.