மூன்றாம் பதிவேடு

ஏற்காட்டில் ஜூலையில் காகிதம் காய்வதில்லை.
பங்கு அலுவலகத்தின் நூறு வாட்ஸ் பல்பை
மேசை வரைக்கும் இழுத்துக் கட்டி
அந்தச் சூட்டில் பக்கம் பக்கமாகப் பிரிக்கிறேன்.
மூன்றாம் பதிவேடு, ஞானஸ்நானம்.
கணினியில் ஏற்றப் பக்கத்துக்கு நான்கு ரூபாய்.
லத்தீன் தெரியாது எனக்கு.
இருநூறு பக்கம் தாண்டிய பிறகு
எது அப்பன், எது பிள்ளை, எது செத்த தேதி என்று
கைக்கே தெரிந்துவிடுகிறது.

பெத்ருஸ் என்று ஒரு வரி.
ஓரத்தில் பென்சிலில், பொடி எழுத்தில்:
முன்பு கருப்பன்.
வயது முப்பது இருக்கலாம்.
தொழில், மலைப்பாதையில் கல் உடைப்பு.

கல் உடைத்தவனுக்குக் கல் என்றே பெயர்.
வைத்த சாமியார் சிரித்திருப்பாரோ.

கலிலேயாவில் அது கேபா.
மீன் நாறும் கையோடு ஒருவன் சுமந்து போக
கிரேக்கம் பேசும் துறைமுகத்தில் பேத்ரோஸ்.
ரோமில் ஆளைத் தலைகீழாக அறைந்தார்கள்,
பெயர் நிமிர்ந்தே நின்றது.
லிஸ்பன் கப்பலில் பெத்ரோ:
ஒரு கையில் மணி, மறுகையில் மிளகுத் தராசு.
பிரெஞ்சுச் சாமியார் மூக்கால் பியேர் என்பார்.
கல்லுக்கு உங்கள் பேச்சில் என்ன என்று
தெலுங்குக்காரன் ஒருவனை யாரோ கேட்டிருக்க வேண்டும்.
ராயி, என்றிருப்பான்.
ஓர் அப்பனைச் சேர்த்துக்கொண்டார்கள்.
ராயப்பன்.

பிறகு சேலம்.
வெள்ளைக்கல் கரடு தாண்டி, அடிவாரம் தாண்டி,
இன்னும் வெட்டி முடிக்காத வளைவுகளில்
காபி நாற்றுக் கூடைக்கும் குனைன் புட்டிக்கும் நடுவே
மட்டக்குதிரை முதுகில் ஏறியது அந்தப் பெயர்.
பத்தொன்பது நூற்றாண்டு வழி.

கருப்பன் காதில் பேதுரு விழுந்திருக்க மாட்டார்.
உச்சிக் குகைக்குள் இருக்கிற
சேர்வராயன் விழுந்திருப்பான்.
தூரத்தில் நின்றே கும்பிட வேண்டியிருந்த ராயன்
இன்றைக்குத் தன் பெயருக்குள்ளேயே
வந்து உட்கார்கிறான் என்று
தலையைக் கொடுத்திருப்பான் தண்ணீருக்கு.
இது என் கணக்கு. பதிவேட்டில் இல்லை.

பதினொரு மணிக்குப் பெலவேந்திரம் வந்தார்,
நாகலூர் பக்கத்து எஸ்டேட், நனைந்த குரங்குக் குல்லா.
பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டு, மகளின் மார்க் ஷீட்.
தேடினோம்.
அவர் சொன்ன வருஷத்தில், சொன்ன மாதத்தில்
விரல் போய் நின்றது அந்த வரியில்.

லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பங்காளி வீடு.
கருப்பனின் தம்பி வழி, தண்ணீர் வாங்காதவன் வழி.
அவர்கள் சான்றிதழில் எஸ்.சி.
இவருக்கு பி.சி.
"பழைய கல்லறையில எங்களுக்குன்னு தனிச்சுவரு கட்டுனாங்க.
அங்க எல்லாருக்கும் எங்க சாதி தெரிஞ்சுது.
தாசில்தாருக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

முந்தைய பக்கத்தை ராமபாணப் பூச்சி
சல்லடையாக்கி இருந்தது.
இந்த வரிக்கு ஒரு விரற்கடை முன்னால்
பசி தீர்ந்து நின்றிருக்கிறது.
அவரும் அதைப் பார்த்தார்.
நான் பார்த்ததையும் பார்த்தார்.
பல்பைச் சுற்றி ஈசல் ஒன்று மோதிக்கொண்டிருந்தது.

"அதென்ன பென்சில்ல?"
வாசித்தேன்.
அந்தப் பெயரை அவர் வீட்டில் யாரும் சொன்னதில்லையாம்.
கருப்பன், என்றார் மெதுவாக,
பக்கத்து அறையில் தூங்குகிறவரை
எழுப்பலாமா என்று யோசிக்கிற குரலில்.

"ரெண்டு காப்பி போடுங்க. பென்சிலும் விழணும்."

மெஷினுக்குப் பென்சில் பிடிபடவில்லை.
மூன்று முறையும் பெத்ருஸ் மட்டும் வந்தார்,
மையில், அழகாக.
நான்காவது முறை கறுப்பைக் கூட்டி வைத்தேன்.
தாள் முழுக்க மேகம் இறங்கியது,
ஓரத்தில், அதற்குள்ளே, கருப்பன்.

ஆறு ரூபாய்.
சில்லறை இல்லை என்றார்.
நாளைக்குக் கொடுங்கள் என்றேன்.