கணவாய் மூடியிருக்கிறது

சுத்தியலால் தட்டுகிறாள் இங்குன்.
முழங்கால் துள்ளுகிறது.
"நான் சொல்லலையே" என்கிறேன்.
"உங்களை யார் கேட்டது" என்கிறாள்.

தட்டிய சேதி தண்டுவடம் வரை போய்
அங்கேயே பதில் வாங்கித் திரும்பிவிடுமாம்.
தலைமையகம் கையெழுத்தே போட வேண்டாம்.
கிளை அலுவலகத் திமிர்.

பதினெட்டுக் குளிர்காலம்
பனி ஒதுக்கும் வண்டி ஓட்டினேன்.
டோவ்ரே மலைமேல் காற்று எழுந்தால்
தடுப்புக்கட்டை இறங்கும்.
லாரிகள் விளக்கெரியக் காத்து நிற்கும்.
நான் முன்னே போவேன்,
அவை என் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாய்.
அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.
சொந்த வீட்டுக் கூரைப் பனியை வழிக்க ஏறி
நவம்பரில் விழுந்தேன்.

வலக்கால் கட்டைவிரலே, மடங்கு.
ஆணை புறப்படுவது எனக்குத் தெரிகிறது.
இடப்பக்க மூளையில் கிளம்பி
கழுத்துக்குச் சற்று மேலே தடம் மாறி
வலப்பக்கமாய் இறங்கி
உடைந்த முள்ளெலும்பருகே
விளக்கெரிய நிற்கிறது.

பனி ஒதுக்க நான் போகலாம்தான்.
ஆனால் இந்த முறை
லாரிக்குள் இருப்பவனும் நானே.

மடங்கு என்றேன்.
தயவுசெய்து என்றேன்.
வடக்கத்தி மீனவர் வசவு இரண்டும் சொன்னேன்.

மார்ச்சில் ஒரு வியாழன்,
மீன் சூப் ஆறிக்கொண்டிருக்க,
போர்வையின் நுனி அசைந்தது.
சுத்தியல் இங்குனின் பைக்குள் இருந்தது.
சன்னல் சாத்தியிருந்தது.

"இன்னொரு தடவை, ஹல்வோர்."

அனுப்பினேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு
ஒரே ஒரு வண்டி,
மெதுவாக.
பால் வண்டியாக இருக்கலாம்.