பன்னிரண்டாம் பக்கம்

தொழில் வழிகாட்டு அலுவலகம் எங்கள் கல்லூரியில்
நிலவறையில், கொதிகலனுக்கு அடுத்த கதவு.
கிடான்ஸ்க் நகரத்து ஜனவரியில்
வேலை தேடாதவர்களும் அங்கே போய் உட்கார்வார்கள்,
கதகதப்புக்காக.

படிவத்தில் மூன்றாம் கேள்வி:
ஐந்தாண்டுக்குப் பின் உங்களை எங்கே காண்கிறீர்கள்?
ஓவியத் துறை, நான்காம் ஆண்டு,
யாகோடா வில்செக் ஆகிய நான்
ஒரு கோடு போட்டேன்.
கோடு தாளைத் தாண்டி மேசையில் ஏறிவிட்டது.
துடைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஏப்ரலில் தொகுப்பு நாள்.
பன்னிரண்டு படைப்புகள், ஏழு நிமிடம், மூன்று தேர்வாளர்கள்.
என்னிடம் இருப்பதோ கடல்.
பதினேழு கடல்கள், எல்லாம் சாம்பல்.
கடலுக்கு யார் சம்பளம் தருவார் என்கிறான் செவெரின்,
என் அறைத்தோழன், கேலிச்சித்திரக்காரன்,
மூன்று மாத வாடகை பாக்கி.

பிப்ரவரியில் கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றில்
பத்து நாள் பாறைக்குப் பாசி தீட்டினேன்.
யாரோ வரைந்த பாறை. யாரோ சொன்ன பச்சை.
குதிரையில் கடக்கிறவன் அதை அரை நொடி பார்ப்பான்,
பார்த்தால்.
குறை சொல்லவில்லை. காப்பி இலவசம், நாற்காலி நன்று.
ஆனால் கண்ணை மூடினாலும் பாசி வளர்ந்தது.

பிறகு அருங்காட்சியகக் கிடங்கு.
அங்கே படத்தைப் பார்ப்பதில்லை, விரிசலை எழுதுகிறார்கள்:
இடது மேல்மூலை, நான்கு சென்டிமீட்டர், கிளை பிரிந்தது.
ஒரு பிரபுவின் முகத்தை மூன்று மணி நேரம் எழுதினேன்.
அவர் மூக்கு எப்படி என்று கேட்டால்
இன்றைக்கும் தெரியாது.

இதெல்லாம் கழிந்து, மார்ச் கடைசியில்,
டிராம் திரும்பும் இடத்தில்
பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
செயற்கைக் கண் செய்யும் கூடம்.
ஒலேஸ்யா அங்கே வேலை பார்க்கிறாள், என்னைவிட இரண்டு வயது கூட.
அன்று அவள் கைக்குக் கட்டு.
தூரிகையை நீட்டினாள்: அந்தக் கண் இருக்கிறதே, பார்த்துப் போடு.

கப்பல் பட்டறையில் பற்றவைப்பவர்.
காவ்கா என்று பெயர், இரும்புத் துகளுக்கு ஒரு கண் கொடுத்தவர்.
பழுப்பு என்று சீட்டில் இருந்தது.
பழுப்பா அது?
பீங்கானில் காய்ந்த தேநீர்,
நனைந்த சங்கிலியின் துரு,
பாவைக்குப் பக்கத்தில் யாரும் கேட்காத ஒரு பச்சை.
அந்தப் பச்சை எனக்குக் கைவந்திருந்தது.
நாலு வருஷக் கடல் எங்காவது உதவும் என்று பார்த்தேன்.
உதவவில்லை.

சட்டைப் பொத்தான் அளவு வட்டம்.
மூன்றரை மணி நேரம் இவ்வளவு அருகில்
வேறொரு மனிதரை நான் பார்த்ததே இல்லை.
அவருக்கும் கூச்சம், எனக்கும்.
வெள்ளையில் சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பதித்தேன்,
கிளை பிரிந்தது, கிளை பிரிந்தது.

மெருகேறி வந்த பின்பு மாட்டிக்கொண்டார்.
கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி,
தூங்காதது மாதிரி இருக்கிறது, என்றார்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
இன்னொன்றும் அப்படித்தானே, என்று தொப்பியை எடுத்தார்.

தொகுப்புக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
கண்ணையா, என்னையா?
எனக்குப் பதில் வரவில்லை.
படி இறங்கிப் போய்விட்டார்,
நான் செய்ததிலேயே நல்லதை
முகத்தில் வைத்துக்கொண்டு,
சந்தையில் முள்ளங்கி வாங்க.

தொகுப்பு நாளில் பன்னிரண்டாம் பக்கம் வெள்ளை.
ஒன்று குறைகிறதே என்றார் நடுவில் இருந்தவர்.
வெளியே போயிருக்கிறது, என்றேன்.
அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.
ஒரு சொல்தான். நல்ல சொல்லா, தெரியாது.

சம்பளத்தில் பாதிக்கு
மூன்றே முடி உள்ள தூரிகை ஒன்று வாங்கினேன்.
அதில் கடல் வரைய முடியாது.

இரவு செவெரினிடம் சொன்னேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே கேட்டான்:
காது செய்கிற இடம் ஏதாவது இருக்கிறதா,
ஒலேஸ்யாவிடம் விசாரித்துச் சொல்.