மட்டம்

இன்பராஜும் ஹேமலதாவும் கேட்டது
ஒரு கனசதுரம்.
வெள்ளை. உள்ளே ஒன்றும் வேண்டாம் என்றார்கள்.
ஒன்றுமில்லாததை எங்கே வைப்பதென்று
மூன்று வாரம் வரைந்தேன்.

மடிப்பாக்கத்து மனை சதுரமாயில்லை.
தெற்கே நாற்பதடி, வடக்கே முப்பத்தாறே கால்.
டிரான்ஸ்ஃபார்மருக்காக யாரோ கடித்த மூலை.
கடித்த இடத்தில் மிஞ்சிய முக்கோணத்தைத்
திறந்தே விட்டேன்,
நாலு மணிக் கடற்காற்று
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரட்டும்.

கிழக்குச் சுவரில் ஏழடி விட்டத்தில் வட்டம்.
காலை வெயில் அதில் நுழைந்து
நீள்வட்டமாய்த் தரையில் விழும்,
எட்டரைக்குச் சோபாவை விட்டு இறங்கும்.
சோபா வேண்டாம் என்றவர்கள்தான்,
இரண்டாம் சந்திப்பில் சோபா கேட்டார்கள்.
மூன்றாவதில் கிரைண்டர், இன்வெர்ட்டர்,
வெளியே தெரியாத துணிக்கொடி.

மொட்டைமாடிக் கறுப்பு சின்டெக்ஸை
எங்கே ஒளிக்க என்று நான் விழித்தபோது
‘அது உருளைதானே,
உங்க கணக்குல சேராதா?’
சிரிக்காமல் கேட்டார் இன்பராஜ்.
சேர்த்துக்கொண்டேன்.

வானம் தோண்டிய அன்றுதான் பார்த்தேன்
பக்கத்து மதிலில்
பழுப்பாய் ஒரு கோடு.
அத்தனை நேராக
என் பேனா எதையும் போட்டதில்லை.
கேட்டுகளைத் தாண்டி, முருங்கையையும் விடாமல்
தெருக்கோடி வரை ஒரே உயரம்.

‘அந்த டிசம்பர் தண்ணி’ என்றார் ஹேமலதா.
அப்போது அந்த வீட்டில்தான் வாடகைக்கு இருந்தாராம்.
மாடிப்படியில் மூன்று நாள் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் மிதப்பதை எண்ணியிருக்கிறார்.
கல்யாண ஆல்பம். டீப்பாய். சிலிண்டர்.
‘பீரோ மட்டும் மிதக்கல,
அப்புறம் திறக்கவும் இல்ல.’

ஒன்றும் வேண்டாம் என்ற சொல்லை
அப்போதுதான் நான்
முதன்முதலாகக் கேட்டேன்.

சகாயம் மேஸ்திரி டியூபில் தண்ணீர் நிரப்பி
ஒரு முனையை அந்தக் கோட்டில் வைத்தார்.
மறுமுனை ஹேமலதா கையில்.
தண்ணீர் ஏறி, இறங்கி,
குமிழி ஒன்றைத் துப்பிவிட்டு
நின்றது
அவர் கழுத்துக்கு நேரே.

‘இதுக்கு மேல எவ்வளவு மேடம்?’
பிளானில் பேஸ்மென்ட் உயரம் ஒன்றரை அடி.
என் கனசதுரம்
நீளக் கால் முளைத்து எழுந்து நிற்பதை
மனசுக்குள் பார்த்தபடி
ரப்பரைத் தேடினேன்.

ஹேமலதா பதில் சொல்லவில்லை.
டியூபின் வாயைக் கட்டைவிரலால்
அழுத்தி மூடிக்கொண்டிருந்தார்,
நகம் வெளுக்க.