அடிக்குறிப்பு ஏழு

புக்கிட் தெரத்தாய் பட்டணத்தில்
ஒரே ஒரு போட்டோஸ்டெட் கடை.
பக்கத்துக்குப் பத்து காசு.
ஆ கியோங் கட்டைத் தட்டி அடுக்கினார்.
தமிழ் படிக்கத் தெரியாது அவருக்கு.
"எல்லாம் சேம் தானே லா?"

இல்லை அங்கிள்,
மூன்று பேர் எழுதிய மூன்று கட்டுரை.

பஸ் வர நேரமிருந்தது.
மூன்றிலும் வேலைநிறுத்தம் பதினேழு நாள்.
மூன்றிலும் பெரட்டுக் களம்
'பரட்டைக் களம்' ஆகியிருந்தது,
அதே வரியில்,
அதே காற்புள்ளிக்குப் பின்.
மூன்று சாட்சி என்று நம்பியிருந்தேன்.
சாட்சி ஒன்று,
சட்டைதான் மூன்று.

பிழை பிறந்த வீடு ஓர் ஆண்டுமலர்.
எழுதியவர் பெயர் இல்லை.
முதல் பக்கத்தில் நன்கொடையாளர் படம்,
ஐந்தாம் பக்கத்தில்
அவருடைய அப்பா போராட்டத் தலைவர்.

தோட்ட ஆபீசில் கிராணி அஸ்மான்
ஒரு மணி நேரம் தந்தார்.
செம்பனை உர மூட்டைகளுக்குப் பின்னால்
செக்ரோல் புத்தகங்கள்,
பூச்சி தின்றது போக மிச்சம்.
கோடு என்றால் வேலைக்கு வந்தார்.
வட்டம் என்றால் வரவில்லை.
எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன்.
ஒன்பது நாள்தான் வட்டம்,
பக்கம் முழுக்க,
கித்தாக் கொட்டை சிதறினாற்போல.

நூற்றுப் பதினான்காம் நம்பருக்கு மட்டும்
ஒன்பது நாளும் கோடு.
பெயர் காத்தமுத்து.
அப்பாவின் பெரியப்பா.
எங்கள் வீட்டுக் கதையில்
சிவப்புத் துண்டோடு முன்னால் நின்றவர்.

மற்றதெல்லாம் கறுப்பு மை.
அந்தக் கோடுகள் மட்டும் நீலம்.
கூலி போகக் கூடாதென்று
யாரோ இரக்கத்தில் இழுத்ததா?
கூட்டத்தில் சந்தேகம் விதைக்க
யாரோ கணக்காய் இழுத்ததா?
அல்லது
உண்மையிலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு
மரத்துக்குப் போனாரா?
மையை முகர்ந்துகூடப் பார்த்தேன்.
எலிப் புழுக்கை வாசம்.

அம்மா மீ கோரெங் கிளறிக்கொண்டே கேட்டாள்:
"இதுக்கு எத்தனை மார்க்கு?"
இருபது.
"இருபதுக்காக அவரைக் கருங்காலி ஆக்கப் போறியா?"
கரண்டி சட்டியில் பலமாக இடித்தது.
அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

கட்டுரைக்கு மூவாயிரம் சொல்.
அடிக்குறிப்பு கணக்கில் வராது.
இரவு பன்னிரண்டுக்கு மேல்
அங்கே கொஞ்சம் இடம் கிடைத்தது:

7. குடும்பத்தார் கூற்றுப்படி
காத்தமுத்து போராட்டத்தின் முன்னணியில் நின்றார்.
செக்ரோல்படி அந்த நாள்களில் வேலை செய்தார்.
குறிகளின் மை வேறு; காரணம் தெரியவில்லை.
செக்ரோல் எழுதியவருக்குச் சம்பளம் தோட்டத்தில்.
இந்தக் குறிப்பை எழுதுபவள்
அவருக்குப் பேத்தி முறை.