சக்கரம் தட்டுகிறவன்

நியாம்ஹூ என்னைவிட இருபது நிமிடம் மூத்தவன்.
பிப்ரவரி பதினொன்று, இரவு பதினொன்று ஐம்பதுக்கு அவன்.
நள்ளிரவு தாண்டிப் பத்தாம் நிமிடத்தில் நான்.
ஒரே வயிற்றில் கிடந்தும்
எங்களுக்குப் பிறந்தநாள் வேறு வேறு.
அந்த ஒருநாள் வித்தியாசத்தைப் பற்றித்தான் இது.

தார்ஹான் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான்,
மீசையில் பனி உருகிக்கொண்டிருந்தது.
கணினி மூன்றே கேள்விகள் கேட்டது:
வயது என்ன, ஆணா பெண்ணா, ரத்தத்தில் தட்டணுக்கள் எத்தனை.
மனைவி பிரிந்துபோன வருஷத்தைக் கேட்கவில்லை.
வோட்காவை விட்ட வருஷத்தையும் கேட்கவில்லை.
நாங்கள் பிறந்த இரவில்
அம்மா அறியாமலே அவள் ரத்தத்திலிருந்து
இருவருக்கும் பாகப்பிரிவினை இல்லாமல் இறங்கிய பி வைரஸ்
அதற்கு ஏற்கெனவே தெரியும்.

ஆண் என்றால் ஆறு புள்ளி.
பெண் என்றால் பூஜ்யம்.
(இந்தப் பிறவியில் பெண்ணாய்ப் பிறந்ததற்கு
எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.)
தட்டணுக்கள் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம், இன்னொரு ஆறு.
நாற்பத்தொன்பது வயதுக்கு நாலு.
நேற்றுவரை பதினாறு. நடுத்தர அபாயம்.
இன்று அவனுக்கு ஐம்பது.
நாலு ஆறாகிவிட்டது. பதினெட்டு.
திரையில் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது.

ஈரலுக்கு இது எதுவும் தெரியாது.
நேற்றிரவும் அது தன் பாட்டுக்கு
ரத்தத்தை வடிகட்டிக்கொண்டிருந்தது.
அதற்கு நாட்காட்டி பார்க்கத் தெரியாது.

"பதினெட்டு என்றால்?"
உன்னைப்போல் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால்
ஐந்து வருஷத்தில் பதினேழு பேருக்குப் புற்று வரலாம்.
"எந்தப் பதினேழு பேர்?"
அது தெரியாது.
இதே பதிலை வாரம் நாற்பது பேருக்குச் சொல்கிறேன்.
அன்றைக்கு அது வாயில் மண்போல் இருந்தது.

அவன் சிரித்தான்.
ரயில்வேயில் அவன் சக்கரம் தட்டுகிறவன்.
ஷாரின் கோலிலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் பெட்டிகளின் அருகே
இருட்டில் குனிந்து குனிந்து நடப்பான்,
நீளக் கைப்பிடிச் சுத்தியலால் ஒரு தட்டு, உடனே ஒரு காது.
நல்ல சக்கரம் கிண்ணென்று பேசும்.
வெடிப்பு விட்டது
டப்பென்று வாயை மூடிக்கொள்ளும்.
"முந்நூறில் ஒன்று உடையும் என்று மேலதிகாரிக்குத் தெரியும்.
எது என்று தெரியாது.
அதனால்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்."

சட்டையைத் தூக்கிப் படுத்தான்.
ஜெல் குளிர்ந்ததும் என்னைத் திட்டினான்.
மூச்சை இழு. பிடி.
விலாவுக்கு அடியில் ஒலியை அனுப்பினேன்,
திரும்பி வந்தது, சாம்பல் நிறத்தில்,
கொஞ்சம் கரடுமுரடாக,
போன ஆகஸ்டில் வந்ததுபோலவே.
வலது மடலின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.
இடப்பக்கம் புரளச் சொன்னேன்.
புள்ளி நீண்டு குழாயானது:
ரத்தநாளத்தின் வளைவு, வேறொன்றுமில்லை.
நடுவில் போன அந்தப் பதினைந்து விநாடியை
இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்தது ஆகஸ்ட் என்று அட்டையில் எழுதினேன்.
பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டான்:
"உனக்கு எவ்வளவு?"
நாலு. நாளைக்கு ஆறு. குறைவுதான்.
"யார் தட்டிப் பார்த்தது?"

துடைத்த கருவியையே மறுபடி துடைத்தேன்.

கதவோரம் சாய்த்திருந்த சுத்தியலை அவன் எடுக்கவில்லை.
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.
நடையில் போன பயிற்சிப் பெண் துல்கூனை
சொந்தத் தங்கையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான்.

அவன் திட்டியது சரிதான்.
அந்த ஜெல் அவ்வளவு குளிர்.